நெறியும் தவணையும்

தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டினால் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் நாள் முழுக்க ஈரத்துக்குள் நின்று கொழுந்தெடுக்கும் பெண்ணின் கணுக்காலில் அட்டை கடித்த இடம் சொறிந்து சொறிந்து புண்ணாகியிருக்கும். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வெடித்திருக்கும். புண் ஆறினால் நெறி தானாக வாடிவிடும் என்பது லயத்துப் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். கவ்வாத்து மிலாறு கையைக் கிழித்துச் சீழ் வைத்தால் அக்குளில் நெறி கட்டும். பிள்ளையின் தலையில் பேன் கடித்துப் புண் வைத்திருந்தால் பிடரியில் சிறுசிறு மணிகளாக விரலில் தட்டுப்படும். எங்கே புண் வந்தால் எங்கே நெறி கட்டும் என்ற இந்தக் கைவழி அறிவு, வைத்தியக் கல்லூரிகள் கற்பிக்கும் நிணநீர் ஓட்டத்தோடு அப்படியே பொருந்துகிறது. காலின் நிணநீர் தொடையிடுக்குக் கணுக்களுக்கும், கையின் நிணநீர் அக்குளுக்கும், தலைத்தோலின் நிணநீர் பிடரிக்கும் காதின் பின்புறத்துக்கும், பல், ஈறு, தொண்டை ஆகியவற்றின் நிணநீர் தாடையடிக்கும் கழுத்துக்கும் போய்ச் சேருகிறது. மனித உடம்பில் ஏறத்தாழ 600 கணுக்கள் உண்டு. வழியில் அகப்பட்ட கிருமியோடு மல்லுக்கட்ட அங்கே வெள்ளணுக்கள் பெருகும்போது கணு வீங்குகிறது.

பயம் தொடங்குவது புண்ணைக் காணாத இடத்தில். கழுத்தில் ஒரு நெறி. காய்ச்சல் இல்லை, தொண்டை நோவில்லை, தலையிலும் ஒன்றுமில்லை. காரணம் கண்ணுக்குத் தெரியாதபோது மனம் தான் அறிந்த மிக மோசமான காரணத்தை அங்கே கொண்டுபோய் வைக்கிறது. மலையகத்தில் அந்தக் காரணத்தை யாரும் கற்பனை செய்யவே தேவையில்லை. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் குளிருக்கும் பசிக்கும் துணையாகத் தோட்டத்து வாழ்க்கையில் நெடுங்காலமாக ஊறியவை. கதிர்ச் சிகிச்சையில் கழுத்துத் தோல் கருத்துப்போய் மஹரகமவிலிருந்தோ கண்டியிலிருந்தோ திரும்பிய யாரேனும் ஒருவர் பலருடைய நினைவிலும் இருக்கிறார். அவருக்கும் முதலில் ஒரு சின்னக் கட்டிதான் இருந்தது என்பதும் நினைவிருக்கிறது. பழைய வைத்தியம் கண்டமாலை என்று சொன்ன கழுத்துக் காசநோயும் இல்லாமற் போய்விடவில்லை. எனவே கழுத்தைத் தடவித் தடவித் தூக்கம் கெடும் மனிதரை மனப்பிராந்தி பிடித்தவர் என்று ஒதுக்குவது அநியாயம். ஊரில் இருக்கிற ஒரு நோய் தன்னிடமும் வந்துவிட்டதா என்றுதான் அவர் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு யாரிடமிருந்து, எத்தனை நாளில், எந்த விதமாக விடை கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அந்தப் பயம் தணிகிறது அல்லது தனி நோயாக முற்றுகிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

விரலிலிருந்து ஆரம்பிக்கலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில், விளக்கணைத்த பிறகு, பக்கத்தில் படுத்திருப்பவர் அறியாமல் கை கழுத்துக்குப் போகிறது. தாடைக்குக் கீழே ஓர் உருண்டை தட்டுப்படுகிறது. மறுபக்கமும் அதேபோல் ஒன்று. அவை பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பிகள், எல்லாருக்கும் உள்ளவை. காதுமடலுக்குக் கீழே, தாடையின் மூலைக்குப் பின்னால், கெட்டியாக ஒன்று அழுத்தினால் நோகிறது. அது கழுத்தின் முதல் முள்ளெலும்புடைய பக்க முனை. அதற்குக் கீழே துடித்துக்கொண்டிருப்பது நாடி. உண்மையிலேயே கணுவாக இருக்கும் ஒன்றும் பழைய தொண்டை அழற்சியோ சொத்தைப் பல்லோ விட்டுப்போன பயறளவுக் கணுவாக இருக்கலாம். அப்படிப்பட்டவை ஆண்டுக்கணக்கில் கிடக்கும், கூடவும் மாட்டா, குறையவும் மாட்டா. தொடையிடுக்கில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர்க் கணுக்கள் ஆரோக்கியமான மனிதரிடமும் தட்டுப்படும். இதையெல்லாம் அறியாத விரல் ஒவ்வோர் இரவும் அழுத்திப் பார்க்கிறது. அழுத்த அழுத்த இடம் கன்றி நோகிறது. அந்த நோவே புதிய அறிகுறியாகி மறுபடியும் அழுத்தச் சொல்கிறது. நேற்றையதைவிடப் பெருத்திருக்கிறதா என்று இருட்டில் விரலால் அளந்துவிட முடியாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அது பெருத்திருப்பதாகவே தோன்றும்.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய சான்றுகள் வலுவானவை. நெதர்லாந்தில் குடும்ப வைத்தியர்களிடம் காரணம் தெரியாத நெறிக்கட்டோடு வந்தவர்களைப் பற்றிய ஆய்வொன்று 1988இல் வெளியானது. வந்தவர்கள் 2,556 பேர். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரே நிபுணரிடம் அனுப்பப்பட்டார். கணுவை வெட்டிச் சோதிக்க வேண்டியிருந்தது 82 பேருக்கு. புற்றுநோய் இருந்தது 29 பேருக்கு. நூற்றுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இது நூற்றுக்கு நான்கு. நாற்பதுக்குக் கீழே ஆயிரத்துக்கு நான்கு. கைபேசியில் தேடுகிறவருக்குக் கிடைக்கும் பட்டியலில் இந்த விகிதம் இருப்பதில்லை. சளியும் புற்றும் அங்கே ஒரே அளவு எழுத்தில், அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன.

ஹட்டன் நெதர்லாந்து அல்ல என்று உடனே சொல்லலாம், சரியாகவும் சொல்லலாம். அங்கே வெற்றிலை போடுவோர் அரிது, காசநோயும் அரிது. ஒரு நாட்டின் விகிதத்தை இன்னொரு நாட்டின் கழுத்தில் அப்படியே கட்டிவிட முடியாது. ஆனால் இந்த ஆட்சேபம் விகிதத்தை எந்தப் பக்கம் நகர்த்துகிறது என்று பார்க்க வேண்டும். வெறுங்காலும் அட்டைக்கடியும் பேனும் சொத்தைப் பல்லும் இங்கே அதிகம். ஆகவே சாதாரணக் காரணத்தால் வரும் நெறிகளும் அதிகம். மத்திய மலைநாட்டில் உண்ணி வழியாகப் பரவும் காய்ச்சல்கள் உண்டு. காய்ச்சலோடு உடம்பில் உண்ணி கடித்த கறுத்த தழும்பும் அருகில் நெறியும் இருந்தால், நேரத்தோடு கொடுக்கும் டொக்சிசைக்ளின் குளிசையே போதுமாகிவிடும். தெற்காசியாவில் நெறியை ஊசியால் உறிஞ்சிச் சோதிக்கும் இடங்களில் அடிக்கடி காணப்படுவது காசநோய். அதற்கு ஆறு மாத மருந்து, மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது, குணமாகும் நோய். மருந்து தொடங்கிய பிறகும் சிலருக்குக் கணு கொஞ்சக் காலம் பெருக்கும், மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. இதை முன்கூட்டியே சொல்லாததால் பாதியில் மருந்தை விடுகிறவர்கள் உண்டு. வாய்ப்புற்றின் விடயத்தில் மட்டும் ஆட்சேபம் முழுமையாக நிற்கிறது. வெற்றிலை போடும் நாற்பது வயதைத் தாண்டியவரின் கழுத்தில் காரணமில்லாமல் நெறி வந்தால் அவருடைய கணக்கு வேறு. அவருடைய வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்தாக வேண்டும்.

அதனால் பயப்படாதே என்று மட்டும் சொல்லும் ஆறுதலில் எனக்கு நம்பிக்கையில்லை. எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்ற எல்லைக்கோடு தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். காறையெலும்புக்கு மேலுள்ள குழியில் தட்டுப்படும் கணு. நோவில்லாமல் கெட்டியாக, அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் கணு. இரண்டு சென்ரிமீற்றரைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும் கணு. போர்வை நனையும் அளவுக்கு இரவு வியர்வை. காரணமில்லாமல் சட்டை தொளதொளக்கும் அளவுக்கு மெலிவு. இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வாய்க்குள் வெண்படலம், வாய் திறக்க முடியாத இறுக்கம். விடாத குரல் கம்மல். இவற்றில் ஒன்று இருந்தாலும் தவணை சொல்லாமல் வைத்தியரிடம் போக வேண்டும். இவை எதுவும் இல்லாத சிறிய, வழுக்கும், நோகும் கழுத்து நெறியை மூன்று நான்கு வாரம் பார்த்திருப்பது அலட்சியமாகாது. உலகெங்கும் வைத்தியர்கள் செய்வதே அதுதான்.

ஆனால் எண்களும் எல்லைக்கோடும் தெரிந்த பிறகும் பலரின் பயம் போவதில்லை. இங்கேதான் விடயம் நுட்பமாகிறது. 1986இல் பிரித்தானிய ஆய்வாளர்களான சல்கோவ்ஸ்கிஸும் வார்விக்கும் நோயச்சத்தைப் பற்றி எழுதியபோது காட்டியது இது: ஒன்றுமில்லை என்ற உறுதிமொழி கொஞ்ச நேரத்துக்குப் பயத்தை இறக்குகிறது, பிறகு பயம் பழைய அளவுக்குத் திரும்புகிறது, அடுத்த உறுதிமொழியைத் தேடிப் போகும் பழக்கம் பலப்படுகிறது. சோதனைகளும் அப்படித்தான். பாரதூரமான நோய் இருக்க வாய்ப்புக் குறைந்தவர்களுக்குச் செய்த பரிசோதனைகளைப் பற்றிய 14 ஆய்வுகளை, மொத்தம் 3,828 நோயாளிகளை, ஒன்றாகத் தொகுத்து 2013இல் ரோல்ஃபும் பர்ட்டனும் பார்த்தார்கள். சோதனைகள் அவர்களுடைய நோய்க்கவலையைக் குறைக்கவில்லை. பின்னர் வைத்தியரிடம் திரும்பி வருவது மட்டும் சிறிதளவு குறைந்தது. ஹட்டன் நகரத்து ஆய்வுகூடத்தில் இரத்தம், பிறகு கண்டியில் ஸ்கேன், அதன் பிறகு இன்னொரு வைத்தியர் என்று காதுத்தோட்டை அடகு வைத்து அலையும் குடும்பம் பணத்தைக் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் சில நாள் நிம்மதியைத்தான்.

அப்படியானால் எது தணிக்கிறது? இந்தக் கேள்விக்கு இலங்கையிலிருந்தே ஒரு விடை உண்டு. காரணம் கண்டுபிடிக்க முடியாத உடல் உபாதைகளோடு திரும்பத் திரும்ப வைத்தியரிடம் வருகிறவர்களைப் பற்றி அத்துல சுமதிபாலவும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு முதல்நிலை வைத்தியர்கள் பயிற்சி பெற்று அறிதல்-நடத்தைச் சிகிச்சை அளித்தார்கள். மறுபகுதியினருக்கு அதே போன்ற திட்டமிட்ட சந்திப்புகளில் ஒழுங்கான கவனிப்பு மட்டும் கிடைத்தது. இரு பகுதியினருமே தேறினார்கள். இரண்டுக்குமிடையே வித்தியாசம் தென்படவில்லை. நெறிப் பயமும் அந்த உபாதைகளும் ஒன்றல்ல; ஆய்வின் முடிவை இழுத்து நீட்டக் கூடாது. காலப்போக்கில் தானாகவே தேறியிருப்பார்கள் என்றும் ஒருவர் வாதிடலாம். இருந்தாலும் நோயாளிக்கு அடுத்த சந்திப்பின் தேதி தெரிவதும், அதே முகம் திரும்பவும் பார்க்கும் என்பது தெரிவதும் வெறும் நிர்வாக ஏற்பாடல்ல, அதுவே மருந்தின் ஒரு பங்கு என்று நினைக்க இந்த ஆய்வு இடம் தருகிறது. நெறியைப் பொறுத்தவரை இதற்கு இன்னும் வலுவான நியாயம் உண்டு. நெறி நல்லதா கெட்டதா என்பதைப் பெரும்பாலும் காலம்தான் சொல்கிறது. முதல் நாள் அளந்த கையே மூன்று வாரம் கழித்து அளந்தால் வாடியிருக்கிறதா வளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆக, பயந்தவருக்குத் தேவையான ஆறுதலும் நோயைப் பிடிக்கத் தேவையான சோதனையும் ஒரே காரியமாக அமைகின்றன: ஒரு தவணை, அந்தத் தவணைக்கு அதே ஆள்.

மலையகத்தில் இல்லாமற் போனது இதுதான். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று 1872இலேயே தனிச்சட்டம் வந்தது, டிஸ்பென்சரிகள் வந்தன. அவற்றின் குறைகள் ஊரறிந்தவை. காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் ஒரே போத்தல் மருந்து என்ற கசப்பு இன்றும் பேச்சில் இருக்கிறது. கூலியாட்களை வேலைக்குத் தகுதியாக வைத்திருப்பதே அந்த வைத்தியத்தின் நோக்கம். உடம்பைத் தொட்டுப் பார்க்கும் அதிகாரத்தின் முகமும் இந்த மக்களுக்குப் பழையது. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபின் இந்திய ரயில் நிலையங்களில் பயணிகளை நிறுத்தி அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி தேடினார்கள்; பெண்களைத் தொட்டுச் சோதித்தது பெருங்கோபத்தைக் கிளப்பியது. இலங்கைக்கு வந்த தொழிலாளரோ இராமேசுவரத்துக்கு அருகே இலங்கை அரசு நடத்திய மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, சோதிக்கப்பட்ட பிறகே கப்பலேறினார்கள். உடம்பில் கட்டி இருந்தால் மறைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அப்படியொரு வரலாற்றிலிருந்து வந்திருந்தால் அதில் வியப்பதற்கில்லை. மறைப்பவரும் ஓயாமல் தடவிப் பார்ப்பவரும் ஒரே பயத்தின் இரண்டு பக்கங்களில் நிற்கிறார்கள். இருவருக்குமே நம்பித் தொடக் கொடுக்கும் கை கிடைக்கவில்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்த டிக்கோயா வைத்தியசாலையில் 150 கட்டில்கள். நுவரெலியாவிலும் புதிய கட்டடம் எழுந்திருக்கிறது. அரசு வைத்தியம் இலவசம். ஆனால் வெளிநோயாளர் வரிசையில் ஒவ்வொரு தடவையும் வேறொரு வைத்தியர் உட்கார்ந்திருக்கிறார். சில நிமிடங்கள், பெரும்பாலும் சிங்களத்தில் நாலு வார்த்தை, ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கை. தமிழ் 1987இலேயே அரசகரும மொழியாகிவிட்டது என்றாலும் பரிசோதனை அறிக்கை நோயாளியின் மொழியில் பேசுவதில்லை. தன் கணு கிருமிக்கு எதிராக வீங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்று எழுதிய தாளையே பயந்த மனிதர் மரண ஓலையைப் போலப் பையில் வைத்துத் திரிவார். படித்துச் சொல்ல ஆளில்லை. திரும்ப வரச் சொன்னார்களா என்பதும் தெரியாது. வைத்தியர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. வரிசையின் நீளம் அவர்கள் கையில் இல்லை.

வயிற்றுப்பாட்டுக்கே அல்லாடும் இடத்தில் நோயச்சத்தைப் பற்றி எழுதுவது வசதியுள்ளவர்களின் கவலையை இங்கே இறக்குமதி செய்வதாகாதா என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய எண்ணம் இருக்கிறது: உழைக்கிறவர்களுக்கு உடம்புதான் உண்டு, மனம் கிடையாது என்பது. அதை நாம் ஏற்கக் கூடாது. பயம் கூலியையும் தின்கிறது. தூங்காத பெண்ணின் கொழுந்து நிறை குறைகிறது, நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான், விழுகிறது. உயிரையும் தின்னலாம். ஸ்வீடனில் நோயச்சக் கோளாறு கண்டறியப்பட்ட 4,129 பேரைப் பற்றி 2023இல் வெளியான ஆய்வு, அவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறக்கிறார்கள் என்றும், தற்கொலை அவர்களிடையே பல மடங்கு அதிகம் என்றும் காட்டியது. இல்லாத நோய்க்குப் பயப்படுகிறவர் என்று நாம் இலேசாகச் சொல்லும் மனிதருக்கு வந்திருப்பதும் கொல்லக்கூடிய நோய்தான்.

இதற்கு மனநல நிபுணர் வேண்டும், அவர் தோட்டத்துக்கு எங்கே வருவார் என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. இங்கிலாந்து வைத்தியசாலைகளில் நோயச்சம் கொண்ட 444 நோயாளிகளிடையே பீட்டர் டைரர் குழுவினர் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து முதல் பத்துச் சந்திப்புகளே கொண்ட சிகிச்சை பலனளித்தது; தாதியர் அளித்த இடத்தில் பலன் இன்னும் நன்றாக இருந்தது. மலையகத்தில் லயம் லயமாக ஏறி இறங்கி, எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு நிறை குறைவு என்று அறிந்து வைத்திருக்கும் மிட்வைப் அம்மா இருக்கிறார். தோட்ட வைத்திய உதவியாளர் இருக்கிறார். தமிழ் பேசும் அந்த இருவருக்கும் கழுத்தைத் தொட்டு அளக்கவும், வாயைத் திறந்து பார்க்கவும், எல்லைக்கோட்டைச் சொல்லவும், அளவையும் அடுத்த தேதியையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கவும் கற்றுக்கொடுக்கலாம். அவர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பது உண்மை. ஆளும் சம்பளமும் கூட்டித்தான் இதைக் கேட்க வேண்டும். அந்தத் துண்டு கையில் இருப்பவரிடம், தேதி வரும்வரை கையைக் கழுத்துக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. கொண்டுபோகத் தோன்றினால் கொஞ்ச நேரம் தள்ளிப்போடலாம், பயம் தானாக ஏறித் தானாக இறங்குவதைப் பார்க்கலாம். வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் பகல் வெளிச்சத்தில், வீட்டில் இன்னொருவர் பார்க்கலாம். இரவில் கைபேசியில் தேடுவதை நிறுத்தலாம். தவணை இல்லாதவரிடம் இதே வார்த்தைகளைச் சொன்னால் அவரைத் தனியே விட்டுப்போவதாகிவிடும்.

கணக்கையும் சொல்லிவிடலாம். முதற் பார்வைக்கு அரைநாள், மூன்று வாரம் கழித்து மறுபார்வைக்கு அரைநாள். 2024இல் 1,350 ரூபாயாக்கப்பட்ட அடிப்படை நாட்கூலியில் பார்த்தால் ஒரேயொரு பேருக்கான பணம். அந்த இழப்பு நோயாளியின் தலையில் விழுகிறவரை மறுபார்வைக்கு வருவோர் குறைவாகவே இருப்பார்கள். வராதவர்களில் வாடாத நெறியோடு இருப்பவரும் உண்டு, அவரைத்தான் நாம் பிந்திக் கண்டுபிடிக்கிறோம். தேதி எழுதிய துண்டைக் காட்டுகிறவருக்கு அந்த இரண்டு அரைநாளையும் வெட்டாமல் பேர் போட வேண்டும் என்பதைத் தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் கிலோக் கணக்கோடு சேர்த்துக் கேட்கலாம். அதற்கு முன்பே, எந்தச் சட்டமும் திருத்தாமல், எந்தக் கட்டடமும் கட்டாமல், ஒரு தோட்ட நிர்வாகம் நாளைக் காலைப் பிரட்டிலேயே அறிவிக்கக்கூடிய காரியம் இது.